கோலை விடுங்கள், வாய்ப்பை எண்ணுங்கள்: எக்ஸ்ஜி எப்படி வேலை செய்கிறது

கிளப்புகள் வீரர்களை வாங்கி விற்கிற டிரான்ஸ்ஃபர் விண்டோ திறந்துவிட்டால் மதுரையில் ஃபுட்பால் பார்க்கிற கூட்டத்துக்குப் பேச்சு ஓயாது. சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் பெரும்பாலும் நம்ம நேரத்துக்கு நள்ளிரவு தாண்டித்தான் ஆரம்பிக்கும், முடியும்போது மணி மூன்றரைகூட ஆகிவிடும், அந்த நேரத்திலும் டீ கிடைக்கிற ஊர் இது என்பதால் வாக்குவாதம் அப்படியே மாட்டுத்தாவணி டீக்கடை வரைக்கும் நீளும். "இவனைப் போயி இத்தனை கோடி குடுத்து எடுத்திருக்காய்ங்களே, போன சீசன்ல பத்து கோல்கூட அடிக்கல" என்பார் ஒருத்தர். "மாப்ள, நீ கோலை மட்டும் எண்ணுற, அவன் பாக்ஸுக்குள்ள எங்க போயி நிக்கிறான்னு பாரு" என்பார் இன்னொருத்தர். என்னைக் கேட்டால் இரண்டாவது ஆள் பக்கம்தான் பேசுவேன். அவர் சொல்வதை எண்ணாகவே மாற்றிக் காட்டும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் டிவி திரையில் ஓரமாக வரும் எக்ஸ்ஜி (எக்ஸ்பெக்டட் கோல்ஸ், அதாவது எதிர்பார்க்கக்கூடிய கோல்) என்பது அதுதான். பலரும் அதைப் பார்க்கிறோம், ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாததால் நம்ம டீம் தோற்றால் அதைத் தூக்கிப் பேசுகிறோம், ஜெயித்தால் தூக்கி எறிகிறோம்.

அடிப்படை இவ்வளவுதான்: ஒவ்வொரு ஷாட்டுக்கும் 0க்கும் 1க்கும் நடுவில் ஓர் எண். இதே மாதிரி இடத்திலிருந்து, இதே மாதிரி சூழ்நிலையில் இதுவரை அடிக்கப்பட்ட ஷாட்களில் எத்தனை பங்கு கோலானது என்பதே அந்த எண். 0.1 என்றால் பத்தில் ஒன்று உள்ளே போகும். பெனால்டிக்குச் சுமார் 0.78. ஓர் ஆட்டத்தில் ஒரு டீம் அடித்த எல்லா ஷாட்டின் எண்களையும் கூட்டினால் அந்த டீமின் எக்ஸ்ஜி. 2012 வாக்கில் ஃபுட்பால் புள்ளிவிவரங்களைத் தொகுக்கும் ஆப்டா நிறுவனம் இதை வெளியே பேச ஆரம்பித்தது, 2017இல் பிபிசி தன் ஃபுட்பால் நிகழ்ச்சியிலேயே காட்டத் தொடங்கியது, அதற்குப் பிறகு எல்லோர் வாயிலும் வந்துவிட்டது.

சரி, அந்த எண்ணை எது தீர்மானிக்கிறது? முதலில் தூரம், அப்புறம் கோணம். இந்தக் கோணத்தைக் கண்ணாலேயே அளந்து பார்க்கலாம். கோல் போஸ்ட் நட்டிருக்கிற ஏதாவது ஒரு மைதானத்துக்குப் போய், கையை நேராக நீட்டி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நன்றாக விரித்துப் பிடியுங்கள். அந்த ஒரு சாண் கண்ணுக்கு ஏறக்குறைய 20 டிகிரியை மறைக்கும். விரல்களை மடக்கி முஷ்டியாக்கினால் 10 டிகிரி. கோலின் அகலம் 7.32 மீட்டர். 11 மீட்டர் தள்ளி பெனால்டி புள்ளியில் நின்று பார்த்தால் இரண்டு போஸ்டுக்கும் நடுவில் 37 டிகிரி, கிட்டத்தட்ட இரண்டு சாண். நேராகப் பின்னால் வந்து 20 மீட்டரில் நின்றால் 21 டிகிரி, ஒரு சாண்தான். இப்போது பாக்ஸுக்குள்ளேயே பக்கவாட்டில் போய், கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர், நடுவிலிருந்து 16 மீட்டர் தள்ளி நில்லுங்கள். கோலின் மையத்துக்கு இங்கிருந்தும் ஏறத்தாழ 20 மீட்டர்தான், ஆனால் கோல் இப்போது 12 அல்லது 13 டிகிரிக்குச் சுருங்கிவிடும், ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் கூட. பாக்ஸுக்கு வெளியே நடுவில் நிற்பவனுக்குத் தெரிகிற கோல், பாக்ஸுக்குள்ளே ஓரத்தில் நிற்பவனுக்குத் தெரிவதில்லை. செங்கல்லை வைத்துப் போஸ்ட் ஆக்கி விளையாடுகிற பையன்கள்கூட "ஆங்கிளே இல்லடா, ஏன்டா அடிச்ச" என்று திட்டுவது இதைத்தான்.

இவை இரண்டும்தான் பெரும்பகுதி. மிச்சமும் சேரும்: காலால் அடித்ததா தலையால் முட்டியதா (ஒரே இடத்திலிருந்து தலையால் முட்டினால் மதிப்பு கணிசமாகக் குறையும்), பந்து எப்படி வந்தது, ஓரத்திலிருந்து உள்ளே அனுப்பிய கிராஸா, டிஃபென்ஸைப் பிளந்து வந்த பாஸா, கோல்கீப்பர் தட்டிவிட்டுத் திரும்பி வந்ததா, வேகமான கவுன்ட்டர் அட்டாக்கா. சில நிறுவனங்களின் மாடல்கள் கோல்கீப்பரும் டிஃபென்டர்களும் அந்த நொடியில் எங்கே நின்றார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கின்றன, அதனால்தான் ஒரே ஷாட்டுக்கு ஒரு ஆப்பில் 0.21 என்றும் இன்னொன்றில் 0.34 என்றும் வரலாம். இரண்டில் ஒன்று பொய் என்று அர்த்தமில்லை, இரண்டும் வெவ்வேறு தகவலை வைத்து மதிப்பிடுகின்றன.

ஆனால் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு ஷாட் இருக்கவே முடியாதே, பிறகு "இதே மாதிரி ஷாட்" என்று எதை எண்ணுவது? இங்கேதான் புள்ளியியல் வருகிறது. லட்சக்கணக்கான பழைய ஷாட்களை கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, ஒவ்வொன்றும் கோலா இல்லையா என்பதையும் சொல்லிவிடுவார்கள். ஒரு மீட்டர் பின்னால் போனால் எவ்வளவு கழிக்க வேண்டும், ஒரு டிகிரி விரிந்தால் எவ்வளவு கூட்ட வேண்டும், தலை என்றால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஒவ்வோர் அம்சத்துக்கும் ஓர் எடையை அது கண்டுபிடிக்கும். எல்லாவற்றையும் கூட்டி வருவதை, படுத்த எஸ் வடிவில் இருக்கும் ஒரு வளைகோட்டின் வழியாகச் செலுத்தினால் 0க்குக் கீழேயும் போகாமல் 1க்கு மேலேயும் போகாமல் ஒரு நிகழ்தகவு கிடைக்கும். லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்று இதற்குப் பெயர், வங்கிகள் யார் கடனைத் திருப்பிக் கட்டுவார் என்று கணிக்கவும் இதே முறைதான். இப்போது இதைவிடச் சிக்கலான முறைகளும் வந்துவிட்டன, அடிப்படை எண்ணம் மாறவில்லை.

நம்ம ஆட்கள் அதிகமாகத் தடுமாறுவது கூட்டலில். "எக்ஸ்ஜி ரெண்டு டீமுக்கும் 0.8, அப்ப சமம்தானே" என்பார்கள். போட்டுப் பார்ப்போம். ஒரு டீமுக்கு ஒரே ஒரு ஷாட், மதிப்பு 0.8. எதிர் டீமுக்கு எட்டு ஷாட், ஒவ்வொன்றும் 0.1. மொத்தம் இரண்டுக்கும் 0.8தான். எட்டும் வீணாகப் போக 43 சதவீத வாய்ப்பு, ஒன்று மட்டும் உள்ளே போக 38 சதவீதம், இரண்டோ அதற்கு மேலோ போக 19 சதவீதம். மொத்தக் கணக்கையும் முடித்தால் ஒரே ஷாட் அடித்த டீம் ஜெயிக்க 34 சதவீதம், எட்டு ஷாட் அடித்த டீம் ஜெயிக்க 26 சதவீதம், டிராவாக 39 சதவீதம் (தசமத்தை முழு எண்ணாக்கியதால் ஒன்று குறையும்). "எட்டு ஷாட் அடிச்சோம், அதிர்ஷ்டம் இல்ல" என்று புலம்புவதற்கு முன் அந்த எட்டும் எங்கிருந்து வந்தன என்று கேட்க வேண்டும்.

அதிர்ஷ்டம் நிஜமாகவே புரட்டிப்போட்ட ஆட்டமும் உண்டு. 2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவைச் சவூதி அரேபியா 2-1 என வென்றதை யாரும் மறந்திருக்க முடியாது. மெஸ்ஸி 10ஆவது நிமிடத்திலேயே பெனால்டி போட்டுவிட்டார், முதல் பாதியிலேயே அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் ஆஃப்சைடு என்று செல்லாமல் போயின. சவூதி அந்த ஆட்டம் முழுக்க அடித்ததே 3 ஷாட், அதில் 2 கோல். இதைப் பார்த்துவிட்டு எக்ஸ்ஜி தோற்றது என்பவர்கள் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், அது ஜோசியம் இல்லை. அந்த ஆட்டத்தைப் பலமுறை ஆடவிட்டால் சராசரியாக என்ன நடக்கும் என்பதைச் சொல்வது மட்டுமே அதன் வேலை. அந்த ஒரு நாளில் என்ன நடக்கும் என்பது அதில் இல்லை. அர்ஜென்டினாவின் ஆட்டம் கெட்டுப்போகவில்லை என்பது அடுத்த சில வாரங்களில் எல்லோருக்கும் தெரிந்தது, கோப்பையை அவர்கள்தான் தூக்கினார்கள்.

இப்போது வீரரை வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இந்தக் கணக்கில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஒரு ஸ்டிரைக்கர் ஒரு சீசனில் 100 ஷாட் அடிக்கிறார், ஒவ்வொன்றும் சராசரியாக 0.12 என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்ப்பு 12 கோல். ஆனால் அவர் திறமையில் ஒரு மாற்றமும் இல்லாமல், வெறும் தற்செயலால் மட்டுமே அது 9க்கும் 15க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் விழலாம், நான்கில் ஒன்றுக்குச் சற்று அதிகமான சீசன்களில் அந்த எல்லையையும் தாண்டும். இருபதில் ஒரு சீசன் 6க்குக் கீழேயோ 18க்கு மேலேயோகூடப் போகலாம். அதாவது போன வருஷம் 18 அடித்த ஒருவரும் 7 அடித்த ஒருவரும் ஒரே தரமுள்ள ஆட்டக்காரர்களாக இருக்க வாய்ப்பிருக்கிறது! 18 அடித்த வருஷத்தில் அவரை வாங்குகிற கிளப், தற்செயலுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறது, அடுத்த வருஷம் அவர் 11இல் நின்றதும் "வந்தவுடனே சொதப்பிட்டான்" என்று நாம் திட்டுகிறோம். அவர் சொதப்பவில்லை, தன் இயல்பான அளவுக்குத் திரும்பியிருக்கிறார்.

கோலைவிட எக்ஸ்ஜி ஏன் நம்பகமானது என்றால், வாய்ப்புள்ள இடத்துக்குப் போய்ச் சேர்வது ஒவ்வோர் ஆட்டத்திலும் பலமுறை நடக்கிறது, பந்து உள்ளே போவது அபூர்வமாக நடக்கிறது. அடிக்கடி நடப்பதை அளந்தால் உண்மை சீக்கிரம் தெரியும்.

எகிப்து ஆட்டக்காரர் முகமது சலாவை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துக் கிளப்பான செல்சியில் இருந்தபோது லீக்கில் அவர் அடித்தது 2 கோல்தான், இங்கிலாந்துக்கு ஒத்துவராதவர் என்ற பெயரோடுதான் வெளியே போனார். அவரைப் பிறகு வாங்கிய இன்னொரு இங்கிலாந்துக் கிளப்பான லிவர்பூலின் ஆய்வுப் பிரிவுக்குத் தலைவராக இருந்த இயன் கிரஹாம் கேம்பிரிட்ஜில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். வெறும் ஷாட் மட்டுமல்ல, மைதானத்தில் ஒரு பாஸோ ஓட்டமோ டீமின் கோல் வாய்ப்பை எவ்வளவு ஏற்றுகிறது என்று எல்லாவற்றையும் மதிப்பிட்டுத்தான் அவர் குழு சலாவைப் பரிந்துரைத்தது. பயிற்சியாளர் யூர்கன் க்ளோப் முதலில் ஆசைப்பட்டது ஜெர்மனியின் யூலியன் பிராண்ட்டை. கடைசியில் 2017இல் இத்தாலியின் ரோமா கிளப்பிடமிருந்து சுமார் 3.7 கோடி பவுண்டுக்குச் சலா வந்தார், முதல் சீசனிலேயே லீக்கில் 32 கோல், 38 ஆட்டச் சீசனுக்கு அன்றைக்கு அதுவே சாதனை.

அதே லிவர்பூல் 2022இல் ஸ்டிரைக்கர் டார்வின் நூனியெஸை வாங்கியது, அடிப்படை விலையே 7.5 கோடி யூரோ. முதல் இரண்டு லீக் சீசன்களில் 9, 11 கோல். இரண்டிலுமே அவருடைய எக்ஸ்ஜி அதைவிட அதிகம், அதாவது சரியான இடத்துக்குத் தவறாமல் போகிறார், முடிக்கத் தெரியவில்லை. 2024 ஜனவரியில் செல்சிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் நான்கு தடவை பந்து போஸ்டிலும் பாரிலும் பட்டுத் திரும்பியது, அதில் ஒன்று பெனால்டி. "போஸ்ட் ரெண்டு இஞ்சு தள்ளி இருந்தா இவன் கதையே வேற" என்று ஒரு கூட்டமும் "அந்த ரெண்டு இஞ்சுக்குத்தானேண்ணே காசு குடுக்குறாய்ங்க" என்று இன்னொரு கூட்டமும் சண்டை போட்டதில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஒரு சீசன் பின்தங்கினால் தற்செயல், மூன்று சீசன் தொடர்ந்தால் திறமைக் குறை என்று சந்தேகிக்கலாம். 2025இல் நூனியெஸைச் சவூதியின் அல் ஹிலால் கிளப்புக்கு விற்றுவிட்டார்கள். இதற்கு நேர் எதிராக மெஸ்ஸி, ஹாரி கேன், சன் ஹியூங் மின் மாதிரி ஒரு சிலர் வருஷக்கணக்கில் எக்ஸ்ஜியைத் தாண்டி அடித்திருக்கிறார்கள். ஃபினிஷிங் திறமை என்று ஒன்று நிச்சயம் இருக்கிறது, ஆனால் அதை நிரூபிக்க ஒரு சீசன் போதாது.

ஆட்ட உத்தியையும் இந்தக் கணக்கு மாற்றிவிட்டது. இங்கிலாந்தில் சார்லஸ் ரீப் என்ற விமானப்படைக் கணக்காளர் 1950லிருந்தே நோட்டுப் புத்தகத்தில் ஆட்டங்களைக் குறித்துவந்தார். சுமார் 80 சதவீத கோல்கள் மூன்று பாஸ் அல்லது அதற்குக் குறைவான நகர்வுகளில் வருகின்றன என்று கண்டுபிடித்து, பந்தை நீளமாகத் தூக்கி அடியுங்கள் என்றார், பல பயிற்சியாளர்கள் அதை நம்பினார்கள். ஆனால் அவர் குறித்த நகர்வுகளிலேயே 90 சதவீதத்துக்கும் மேல் மூன்று பாஸைத் தாண்டாதவை! 90 பங்கு நகர்விலிருந்து 80 பங்கு கோல்தான் வருகிறது என்றால், நீண்ட நகர்வுதான் தன் பங்குக்கு மேல் கோல் தருகிறது. எண்கள் சரியாகவே இருந்தன, எதால் எதை வகுப்பது என்பதில்தான் கோளாறு. இன்றைக்கு டீம்கள் 25 மீட்டரிலிருந்து அடிக்காமல், கோல் கோட்டு வரை ஓடிப் பின்னால் பெனால்டி புள்ளிப் பக்கமாகத் தள்ளிவிடுவது (கட்பேக்) அந்த இரண்டு சாண் கோணத்துக்காகத்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் இருந்ததைவிட பிரீமியர் லீக்கில் தூரத்து ஷாட் குறைந்துவிட்டது. "அடிடா அடிடா" என்று டிவியைப் பார்த்துக் கத்துகிறபோது, அந்த ஷாட்டின் மதிப்பு பெரும்பாலும் 0.03 அளவுதான் என்பதை நினைவில் வையுங்கள்.

குறையும் சொல்லியாக வேண்டும். ஷாட் நடந்தால்தான் எக்ஸ்ஜி. திறந்த கோலுக்கு முன்னால் சறுக்கிப்போய் ஒரு விரற்கடை தூரத்தில் பந்தைத் தவறவிட்டால் கணக்கில் பூஜ்யம். முன்னிலையில் இருக்கிற டீம் பின்னால் இறங்கி நின்றுவிடும், தோற்கிற டீம் எங்கிருந்தும் அடித்து எண்ணைப் பெருக்கும், ஸ்கோரைப் பார்க்காமல் எக்ஸ்ஜியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

அடுத்த விண்டோவில் உங்கள் டீம் ஒரு ஸ்டிரைக்கரை எடுத்தால் ஃபாட்மாப் ஆப்போ அண்டர்ஸ்டாட் தளமோ போதும், இரண்டும் இலவசம். பெனால்டியைக் கழித்துவிட்டு, 90 நிமிடத்துக்கு எத்தனை எக்ஸ்ஜி, எத்தனை ஷாட் என்று பாருங்கள், குறைந்தது இரண்டு மூன்று சீசன் சேர்த்துப் பாருங்கள். பத்து முழு ஆட்டம்கூட ஆடாதவர் என்றால் அந்த எண்ணை நம்பி யாரிடமும் பந்தயம் கட்ட வேண்டாம்.