ஊருணிக்கு எத்தனை வரத்துக்கால்?

காரைக்குடியில் எங்கள் எதிர்வீட்டு ஆச்சிக்கு ஒரு நாள் காலையில் இடது கண்ணில் திரை இறங்கியது மாதிரி பார்வை போனது. ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டது. பித்தமாக இருக்கும் என்று விட்டுவிடப் பார்த்தார். மகன் விடாமல் மதுரைக்குக் கூட்டிப்போனார். ஸ்கேனில் இடது பக்கக் கழுத்து ரத்தக்குழாய் முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது. ஆபரேஷன் என்றதற்கு ஆச்சி அசரவில்லை. முழு மயக்கம் கிடையாது, கழுத்தை மட்டும் மரத்துப்போக வைப்போம் என்றார்களாம், அதற்குத்தான் மிரண்டார். "முழிச்சிருக்கயிலயே கழுத்தை அறுப்பாகளா?"

அறுப்பார்கள். அதில் காரணம் இருக்கிறது.

கழுத்தில் ஓடும் கரோட்டிட் தமனி தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிந்து, ஒன்று முகத்துக்கும் இன்னொன்று மூளைக்கும் போகிறது. பிரியும் இடத்தில் ரத்தம் சுழித்து ஓடுவதால் கொழுப்பு அங்கேதான் படியும். அதில் ஒரு துணுக்கு பெயர்ந்து கண்ணுக்குப் போனால் ஆச்சிக்கு வந்த திரை, மூளைக்குப் போனால் பக்கவாதம். இப்படி 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பும் அறிகுறியும் உள்ளவர்களை வட அமெரிக்காவில் ஆராய்ந்து 1991இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு இரண்டே ஆண்டுகளில் அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது. படிவைச் சுரண்டி எடுத்தவர்களில் அது 9 சதவீதம். அறிகுறி வந்து இரண்டு வாரத்துக்குள் செய்வதில்தான் பலன் அதிகம்.

சரி, சுரண்ட வேண்டுமானால் குழாயைக் கிளாம்ப் போட்டு மூட வேண்டும், அரை மணி நேரமாவது. உடல் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, உடலின் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை இழுத்துக்கொள்கிறது. சில நிமிஷம் ரத்தம் நின்றாலே செல்கள் சாகத் தொடங்கும். அப்புறம் எப்படி அரை மணி நேரம்?

நம் ஊர் ஊருணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரத்துக்கால் தூர்ந்தாலும் மற்றவை ஊருணியை நிரப்பும். மூளையின் அடியிலும் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. முன்னே இரண்டு கரோட்டிட், பின்னே முதுகெலும்பை ஒட்டி ஏறும் இரண்டு தமனிகள், நான்கும் வில்லிஸ் வளையம் என்ற ரத்தக்குழாய் வளையத்தில் வந்து சேர்கின்றன. சிக்கல் என்னவென்றால் இந்த வளையம் பலருக்கு முழுதாக இருக்காது. எங்கோ ஒரு இணைப்பு நூலாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. கிளாம்ப் போட்ட பிறகுதான் குட்டு வெளிப்படும்.

அதனால்தான் முழித்திருக்கச் சொல்கிறார்கள். ஆச்சியின் வலது கையில் அமுக்கினால் 'கீச்' என்று கத்தும் ரப்பர் பொம்மை ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். இடது மூளை ஆள்வது வலது கையை. கிளாம்ப் விழுந்ததும் மயக்க மருத்துவர், "அமுக்குங்க ஆச்சி" என்பார். கீச் வந்தால் ரத்தம் போகிறது. கை தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ, ஷன்ட் என்ற சின்னக் குழாயைச் செருகி ரத்தத்தை மாற்றுவழியில் விடுவார்கள். அதை எல்லோருக்கும் முன்கூட்டியே போட்டுவிடலாமே என்றால், செருகும்போதே ஒரு துணுக்கு பெயரக்கூடும்.

முழு மயக்கத்தில் இந்தக் கேள்வியைக் கருவிகளிடம்தான் கேட்க வேண்டும். அப்படியானால் முழித்திருப்பதுதான் மேல் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டு முறைகளையும் 3,526 பேரை வைத்து ஒப்பிட்டு 2008இல் வந்த காலா (GALA) என்ற ஆய்வு அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது. முழு மயக்கத்தில் பக்கவாதமோ மாரடைப்போ மரணமோ நேர்ந்தது 4.8 சதவீதம், மரத்துப்போக வைத்ததில் 4.5. இதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆகவே நோயாளியைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அசையாமல் படுக்க முடியாதவருக்கு முழு மயக்கம்தான்.

இரண்டிலும் மயக்க மருத்துவரின் பெரிய வேலை ரத்த அழுத்தம். பல வருஷமாக பிரஷர் உள்ளவரின் மூளை உயர்ந்த அழுத்தத்துக்கே பழகியிருக்கும். நமக்குச் சரியான 120, அவருக்குப் பஞ்சம். கிளாம்ப் போட்டிருக்கும்போது அழுத்தம் இறங்கக் கூடாது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கலாம். திறந்த பிறகு கதை தலைகீழ். வறண்டிருந்த இடத்தில் வெள்ளம் பாய்ந்து மூளைக்குள் ரத்தம் கசியலாம் என்பதால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கழுத்து வீங்கி மூச்சுக்குழாயை அழுத்துகிறதா என்றும் அன்றிரவு முழுக்கப் பார்ப்பார்கள்.

நம் பக்கத்தில் ஒரு பழக்கம், ஆபரேஷன் என்றதும் ரத்தம் நிற்காது என்று ஆஸ்பிரினைத் தாங்களாகவே நிறுத்திவிடுவது. இந்த ஆபரேஷனுக்கு அதைத் தொடரத்தான் சொல்வார்கள். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர் மூட்டு மாற்றுவது போன்ற அவசரமில்லாத வேலைகளுக்குப் பொறுக்க வேண்டும். 2014இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வில், பக்கவாதத்துக்குப் பின் இப்படி ஆபரேஷன் செய்வதன் ஆபத்து முதல் மூன்று மாதம் மிக அதிகமாக இருந்து, ஒன்பது மாதம் வாக்கில்தான் சமனானது.

ஆச்சி பொம்மையைக் கேட்டு வாங்கி வந்துவிட்டார். இப்போது பேரன் அமுக்கிக்கொண்டு திரிகிறான்.