ஆறாம் ஆண்டுப் பிள்ளையின் கையில் எதை முதலில் கொடுப்பது?

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை முடியும் வரைக்கும் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் பிள்ளையின் வேலை படிப்பது மட்டுந்தான். புத்தகப்பையை அம்மா அடுக்குவார், தண்ணீர்ப் போத்தலை அம்மம்மா நிரப்புவார், அப்பா மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போய் ரியூசன் வாசலில் காத்துநிற்பார். பிறகு அதே பிள்ளை தரம் 6க்குப் போகிறது. ஐந்தாம் ஆண்டு வரை ஒரு வகுப்பாசிரியரின் நிழலில் இருந்த பிள்ளைக்கு இப்போது பாடத்துக்கு ஓர் ஆசிரியர், பாடம் மாறும்போதெல்லாம் மணியடிப்பு, பத்துக்கு மேல் கொப்பிகள். பலருக்குப் பாடசாலையே புதிது. ஊரை விட்டு ரவுணுக்கு வரவேண்டும். "இனி நீ பெரிய ஆள், உன்ர அலுவலை நீதான் பார்க்கவேணும்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் ஒருவரும் பழக்கியிருப்பதில்லை.

எங்களிடம் உளவளத்துணைக்கு வரும் பெற்றோர் அனேகமாக "எவ்வளவு விடலாம்?" என்று அளவைத்தான் கேட்கிறார்கள். அளவை விட ஒழுங்குதான் முக்கியம் என்பது எங்கள் கருத்து. நாங்கள் காணும் பல வீடுகளில் அந்த ஒழுங்கு தலைகீழாக இருக்கிறது. முதலில் கைத்தொலைபேசி கிடைக்கிறது, அடுத்துக் கைச்செலவுக் காசு. பை அடுக்குவது எட்டாம் ஆண்டிலும் அம்மாதான். தெருவில் தனியே போவது கடைசியில், பெண்பிள்ளையென்றால் சாதாரண தரப் பரீட்சை முடிந்தபிறகும் இல்லை. இது மாறவேண்டும். தவறினால் இழப்புச் சின்னதாகவும் உடனே கண்ணில் படுவதாகவும் இருக்கும் பொறுப்பை முதலில் கொடுங்கள். கொப்பியை மறந்தால் ஓர் ஏச்சோடு போகும். தொலைபேசியில் நடக்கும் பிழை பெற்றோருக்குத் தெரியவரும்போது பெரும்பாலும் மாதங்கள் கடந்திருக்கும். ஆகவே பையும் நேரமும் முதலில், பிறகு தெருவும் அதோடு சேர்ந்த காசும், தொலைபேசி கடைசியில்.

எதைக் கொடுத்தாலும் நான்கு படியில் கொடுக்கவேண்டும். நீங்கள் செய்யப் பிள்ளை பார்ப்பது, இருவரும் சேர்ந்து செய்வது, பிள்ளை செய்ய நீங்கள் பேசாமல் பார்ப்பது, பிள்ளை தனியே செய்துவிட்டு வந்து சொல்வது. ஒரு படிக்கு ஒரு வாரம் வையுங்கள். கோட்டைவிடும் இடங்கள் இரண்டு. சிலர் முதற்படியிலிருந்து நேரே நான்காவதுக்குத் தாவுவார்கள். சிலர் மூன்றாம் படியிலேயே வருடக்கணக்காக நிற்பார்கள். பேசாமல் பார்ப்பதுதான் பெற்றோருக்கு மிகக் கடினம், ஏனென்றால் பிழை கண்முன்னே நடக்கும்போது கை தானாக நீளும்.

பையை எடுங்கள். நேரசூசியைப் பிள்ளையே எழுதி மேசைக்கு மேலே ஒட்டட்டும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அடுக்கி முடிக்கவேண்டும். காலையில் அடுக்கினால் சித்திரக் கொப்பியும் சங்கீதக் கொப்பியும் தவறுவது வழக்கம். மறந்துபோன கொப்பியை மோட்டார் சைக்கிளில் பின்னால் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். மூக்குக்கண்ணாடி, மருந்து, பரீட்சைக்கு வேண்டிய பொருள் ஆகியவற்றுக்கு மட்டும் போங்கள். மற்றதற்குப் பிள்ளை ஆசிரியரிடம் தானே பதில் சொல்லட்டும். இரண்டு மூன்று தரம் அப்படி நின்ற பிள்ளை பெரும்பாலும் தானாகவே நேரசூசியைப் பார்க்கத் தொடங்கும்.

தெரு அப்படியல்ல. இங்கே பிழைவிட்டுப் படிக்க இடமில்லாததால் பழக்கும் காலம் நீளவேண்டும். ஒரு தவணை முழுக்கப் போனாலும் நல்லது.

சைக்கிளிலிருந்து தொடங்குவோம். வளர்ந்தபிறகும் ஓடட்டும் என்று பத்து வயதுப் பிள்ளைக்கு அக்காவின் 26 அங்குலச் சைக்கிளைக் கொடுப்பது இங்கே சாதாரணம். சீற்றில் இருந்தபடி இரண்டு முன்பாதங்களும் நிலத்தில் முட்டவேண்டும். முட்டாவிட்டால் நிறுத்தும்போது பிள்ளை ஒரு பக்கம் சரியும், வலப்பக்கம் சரிந்தால் வாகனம் வரும் பக்கம் விழும். இந்த வயதில் பலருக்கு 24 அங்குலம் பொருந்தும். சந்தியில் நிற்கும்போது இடக்காலையே ஊன்றப் பழக்குங்கள். பிறேக்கைச் சோதிக்க, இறங்கி நின்று பிடியை இறுக்கிச் சைக்கிளைத் தள்ளிப்பாருங்கள். சில்லு உருளக்கூடாது, பிடி ஹாண்டிலில் போய் முட்டவும் கூடாது. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியே பாருங்கள். பையை ஹாண்டிலில் கொழுவினால் திருப்பும்போது கை இழுபடும், ஆகவே கரியரில் வைத்துக் கட்டவேண்டும். சிநேகிதியைப் பாரில் ஏற்றுவது, இரண்டு மூன்று பேர் பக்கம் பக்கமாகப் போவது இரண்டும் முதல் நாளே இல்லையென்று ஆகவேண்டும். மார்கழி மழையில் ஒழுங்கை வெள்ளத்துக்குள் மதகும் குழியும் தெரியாது, நனைந்த பிறேக் கட்டை பிடிக்காது. மழை நாளில் யாரோடு போவது என்பதை வெயில் காலத்திலேயே பேசிவையுங்கள்.

பாதையைக் கடப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. தூரத்தில் வாகனம் வருவது இந்த வயதுப் பிள்ளைக்குத் தெரியும், அது எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதைத்தான் சரியாக மதிக்க வராது. பலாலி வீதியும் காங்கேசன்துறை வீதியும் காப்பெற் போட்டபிறகு வாகனங்கள் வரும் வேகத்தை எல்லாரும் பார்க்கிறோம். மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் வாகனம் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 17 மீற்றர் ஓடும். 7 மீற்றர் அகலமான தெருவைச் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடக்கப் பிள்ளைக்கு 7 செக்கன் என்று வைத்தால், அதற்குள் வாகனம் 120 மீற்றர் வந்துவிடும். ஒரு ஞாயிறு காலை பிள்ளையோடு அந்த இடத்துக்குப் போய் 120 மீற்றரைக் காலடியால் அளந்து, அங்கே நிற்கும் ஒரு மரத்தையோ கடையையோ அடையாளமாக வையுங்கள். இரண்டு பக்கமும் அளக்கவேண்டும். வாகனம் அந்த மரத்துக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் பிள்ளை கடக்கக்கூடாது. "பார்த்துப் போ" என்பதை விட இது பிள்ளையின் மனதில் நிற்கும். வலப்பக்கம் திரும்பவேண்டிய சந்தியில் ஓடிக்கொண்டே குறுக்கே வெட்டாமல், இடக்கரையில் இறங்கி, மஞ்சள் கடவையால் உருட்டிக் கடக்கட்டும்.

வழியில் ரயில் கடவை இருந்தால் அங்கே எப்போதும் இறங்கித்தான் போகவேண்டும். காங்கேசன்துறைக்கு 2015 தொடக்கத்திலிருந்து மறுபடி ரயில் ஓடுகிறது, கடவைகள் எல்லாவற்றுக்கும் காவலாளி இல்லை. மணி அடிக்கவில்லை, விளக்கு எரியவில்லை என்பதை நம்பிக் கடக்கக்கூடாது. நின்று, இரண்டு பக்கமும் தண்டவாளத்தின் வழியே பார்த்தபிறகே கால் வைக்கவேண்டும்.

பஸ்ஸில் போகும் பிள்ளைக்கு இரண்டு தொலைபேசி இலக்கங்கள் மனப்பாடமாக இருக்கவேண்டும், பையின் உள்ளறையில் திரும்பி வருவதற்கான காசு தனியாக இருக்கவேண்டும். அந்தக் காசு கன்ரீனுக்கு அல்ல. ஓடும் மினிபஸ்ஸில் தாவி ஏறுவதும் மிதிபலகையில் நிற்பதும் அண்ணாமாரைப் பார்த்து வரும் பழக்கம். அதைக் கண்டால் ஒரு கிழமை திரும்பவும் கூடப்போங்கள்.

பெற்றோர் அதிகம் கவனிக்காத நேரம் ஒன்று உண்டு. பாடசாலை 1.30க்கு விடும், ரியூசன் மூன்று மணிக்குத் தொடங்கும். இடையில் பிள்ளை எங்கே நிற்கிறது, எங்கே சாப்பிடுகிறது? வகுப்பு இல்லையென்று வாசலில் சொல்லிவிட்டால் என்ன செய்யும்? இதற்கு விடை முன்கூட்டியே இருக்கவேண்டும். நேரே வீட்டுக்கு, இல்லாவிட்டால் இன்ன மாமியின் வீட்டுக்கு, அதுவும் இல்லாவிட்டால் இன்ன கடைக்கு. அங்கிருந்து அம்மாவுக்கு ஒரு அழைப்பு. மாவாப் பாக்கை (புகையிலை கலந்த போதைப் பாக்கு) முதன்முதலில் நீட்டுவதும், "வா, குளத்தில குளிப்பம்" என்று மழைக்காலத்தில் கூப்பிடுவதும் இப்படியான ஆளில்லாத நேரத்தில்தான்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இந்த ஆண்டுகளில்தான் பலர் பெரியபிள்ளையாகிறார்கள். சாமத்தியச் சடங்கு முடிந்ததும் சைக்கிள் விறாந்தையில் சாத்தப்பட்டு, அப்பா ஏற்றி இறக்கத் தொடங்குகிறார். ஆறு மாதம் பாடுபட்டுப் பழகிய திறமை அப்படியே கிடந்து துருப்பிடிக்கிறது. பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ வெளியூர் போகும் வயதில், அந்தப் பிள்ளை ஒன்றும் தெரியாமல் புதிதாகத் தொடங்கவேண்டி வருகிறது. பாதுகாப்புக்காக என்று செய்வது பாதுகாப்பைக் குறைக்கிறது என்பதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம். சடங்கு உங்கள் விருப்பம். பாடசாலைக்குத் திரும்பும் நாளன்று சைக்கிளும் திரும்பட்டும். முதல் மாதவிடாய் வருமுன்னரே, பத்து வயதிலேயே, பையில் சின்ன உறை ஒன்று இருக்கட்டும்: இரண்டு பாட், ஓர் உள்ளாடை, பழையதைச் சுற்ற ஒரு கடதாசிப்பை. பாட்டை நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பதும், பாடசாலையில் எந்த ஆசிரியையிடம் சொல்வது என்பதும் தெரிந்திருக்கவேண்டும்.

ஆண்பிள்ளைக்கு ஒன்றும் நடக்காது என்று நினைப்பதும் தவறு. துன்புறுத்துபவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவராகவே இருப்பார். அதனால் "தெரியாத ஆளோடு போகாதே" என்ற பாடம் மட்டும் போதாது. "வீட்டில சொல்லாதே" என்று யார் சொன்னாலும், அவர் மாமாவென்றாலும் மாஸ்டரென்றாலும், அதை அன்றைக்கே வந்து சொல்லவேண்டும் என்று இருபாலாருக்கும் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

தொலைபேசிக்கு வருவோம். புலமைப்பரிசில் பாஸ் பண்ணியதற்குப் பரிசாக கனடா மாமா ஐபோன் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் வாங்கி அலுமாரியில் வைப்பது சங்கடந்தான். ஆனாலும் வையுங்கள், மாமாவுக்கும் விளங்கப்படுத்துங்கள். பேஸ்புக், இன்ஸ்ராகிராம், ரிக்ரொக் எல்லாம் தாங்களே 13 வயது என்று எல்லை வைத்திருக்கின்றன. ரியூசன் வட்ஸ்அப் குழு அம்மாவின் இலக்கத்தில் இருந்தால் போதும். பிள்ளை பாவிக்கும் தொலைபேசி வீட்டுக்குரியது, விறாந்தையில் பாவிப்பது, இரவு எட்டு மணிக்கு அம்மாவின் அறையில் சார்ஜில் போடுவது. இந்த வயதுக்கு 9 முதல் 12 மணித்தியால நித்திரை வேண்டும். ஐந்தரைக்கு எழும்பும் பிள்ளை எட்டரைக்குப் படுக்கவேண்டும்.

ஒரு வாக்குறுதியையும் முன்கூட்டியே கொடுங்கள்: "கூடாத படமோ மிரட்டலோ வந்தால் சொல்லு, சொன்னதுக்காக அடிக்கவும் மாட்டம், போனைப் பறிக்கவும் மாட்டம்." பறித்துவிடுவார்கள் என்ற பயம்தான் பல பிள்ளைகளின் வாயை அடைக்கிறது. அப்படி ஒன்று வந்தால் பதில் எழுதாதீர்கள், அழிக்காதீர்கள். திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு 1929க்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள்.

பிள்ளை எங்காவது தவறும். அரை மணித்தியாலம் பிந்தி வரும், கன்ரீனில் பஸ் காசைச் செலவழிக்கும். அதற்காகச் சைக்கிள், விளையாட்டு, சிநேகிதர் என்று எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பறித்தால், அடுத்தமுறை மறைக்கத்தான் பிள்ளை பழகும். தவறிய அந்த ஒன்றில் மட்டும் ஒரு படி பின்னுக்கு வாருங்கள், இரண்டு வாரத்துக்கு. எந்தத் திகதியில் திரும்பக் கிடைக்கும் என்பதையும் அப்போதே சொல்லி, நாட்காட்டியில் பிள்ளையைக் கொண்டே குறிக்கச் செய்யுங்கள். அந்தத் திகதி வந்ததும் பிள்ளை கேட்கும்வரை காத்திராமல் நீங்களே திருப்பிக் கொடுங்கள்.