கார்டை மாற்றும் முன் மீட்டரைக் கையில் எடுங்கள்

லைன் நின்றுவிட்டது. பேனல் கதவைத் திறந்தால், ஆலையை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியோடு இன்புட், அவுட்புட் கார்டுகளை இணைக்கும் இன்டர்ஃபேஸ் மாட்யூலில் சிவப்பு விளக்கு எரிகிறது. உடனே யாராவது ஒருவர் "கார்டு போச்சு சார்" என்பார். ஸ்டோரிலிருந்து புது மாட்யூல் வரும், மாட்டுவார்கள், சில சமயம் ஓடவும் செய்யும். நல்ல மாட்யூல் குப்பைக்குப் போகும். அடுத்த வாரம் அதே இடத்தில் அதே விளக்கு மறுபடி எரியும்.

நான் பார்த்த வரையில், தகவல் தொடர்பு அறுந்துபோகும் இடங்களில் மாட்யூலே கெட்டுப்போனது மிகக் குறைவு. கனெக்டர், டெர்மினேஷன் (கேபிள் முனையில் சிக்னல் முட்டித் திரும்பாமல் தடுக்கும் ரெசிஸ்டர்கள்), ஷீல்டு (கேபிளுக்குள் ஒயர்களைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னல்), முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் கொடுத்திருக்கும் எண்) ஆகிய நான்கில்தான் கோளாறு ஒளிந்திருக்கும். நம் ஊர் ஆலைகளில் இன்னமும் ஏராளமாக ஓடும் புரொஃபிபஸ் டிபி நெட்வொர்க்கை (ஒரே கேபிளில் பல கருவிகள் வரிசையாக இணைவது), அதிலும் சீமன்ஸின் எஸ்7-300 பிஎல்சியோடு சேர்ந்து இயங்கும் ஐஎம் 153 இன்டர்ஃபேஸ் மாட்யூலை வைத்தே இதைச் சொல்கிறேன்.

விளக்குகளை வாசிப்பதில் தொடங்குவோம். பிஎஃப் (பஸ் ஃபால்ட்; பஸ் என்பது எல்லாக் கருவிகளும் பகிரும் அந்தக் கேபிள்) விளக்கு நிலையாக எரிந்தால் மாட்யூலுக்கு மாஸ்டரின் (நெட்வொர்க்கை நடத்தும் பிஎல்சியின்) சத்தமே கேட்கவில்லை, பஸ்ஸின் தரவு வேகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கேபிள் அறுந்திருக்கலாம், மாஸ்டரே ஓடாமல் இருக்கலாம். அதே விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் கதை வேறு. பஸ்ஸில் பேச்சு கேட்கிறது, ஆனால் மாஸ்டருக்கும் இதற்கும் தரவுப் பரிமாற்றம் நடக்கவில்லை. முகவரி தவறாக இருக்கலாம், கான்ஃபிகரேஷன் பொருந்தாமல் இருக்கலாம், ஓடிக்கொண்டிருந்த தொடர்பு இடையில் முறிந்திருக்கலாம். எஸ்எஃப் (பொதுக் கோளாறு) விளக்கு எரிந்தால் மாட்யூலை அடுத்து மாட்டியிருக்கும் கார்டுகளையும் புரொகிராமில் எழுதியிருக்கும் கார்டுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பவரை ஆஃப் செய்து ஆன் செய்தால் இந்த விளக்குகளின் நிலை மறைந்துவிடும். ஆகவே ஸ்விட்சைத் தொடும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிஎல்சியின் டயக்னாஸ்டிக் பஃபரை (கோளாறுகளை நேரத்தோடு பதிந்து வைக்கும் பட்டியலை) திறந்து, எந்த முகவரி எத்தனை மணிக்கு விழுந்தது, அதாவது தொடர்பை இழந்தது, என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். "எப்போது" என்ற கேள்விக்கான பதில்தான் பாதிக் கோளாறைக் காட்டிக்கொடுக்கும்.

இனி டெர்மினேஷன். அதிகம் பேரைத் திணறடிப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புரொஃபிபஸ் கேபிளில் பச்சை ஒயர் 'ஏ', சிவப்பு ஒயர் 'பி'. ஒரு செக்மென்டின் (தொடர்ச்சியாக ஓடும் ஒரு கேபிள் பகுதியின்) இரண்டு முனைகளிலும் மட்டுமே டெர்மினேஷன் இருக்க வேண்டும். ஏ-க்கும் பி-க்கும் நடுவில் 220 ஓம், பி-யிலிருந்து 5 வோல்ட்டுக்கு 390 ஓம், ஏ-யிலிருந்து தரைக்கு 390 ஓம். இந்த 5 வோல்ட் வருவது கனெக்டர் மாட்டியிருக்கும் கருவியிலிருந்து. அந்தக் கருவியின் பவர் போய்விட்டால், கனெக்டரில் ஸ்விட்ச் ஆனில் இருந்தாலும் டெர்மினேஷன் பாதி செத்ததற்குச் சமம்.

ஒரு ஆலையில் பகலில் மட்டும், அதுவும் ஒருசில நாட்களில் மட்டும், நடுவில் இருக்கும் இரண்டு மூன்று ஸ்டேஷன்கள் (பஸ்ஸில் இணைந்த கருவிகள்) விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தன. மாட்யூல்களை மாற்றிப் பார்த்தாகிவிட்டது, கேபிளில் ஒரு பகுதியைக்கூடப் புதிதாக இழுத்துவிட்டார்கள். ஷிஃப்ட் எலெக்ட்ரீஷியன் ஒருவர்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "கடைசி டிரைவ் பேனலை மெயின்டனன்ஸுக்கு ஐசலேஷன் போடுற அன்னைக்குத்தான் சார் இது வருது." விஷயம் முழுக்க அந்த ஒரு வரியில் இருந்தது. செக்மென்டின் கடைசி ஸ்டேஷன் அந்த டிரைவ்தான் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி). அதன் பவர் போனதும் முனையின் டெர்மினேஷன் போய், சிக்னல் முட்டித் திரும்பி, நடுவில் இருப்பவற்றைக் குழப்பியிருக்கிறது. தனி 24 வோல்ட் சப்ளையில் இயங்கும் ஆக்டிவ் டெர்மினேட்டர் ஒன்றை முனையில் வைத்ததும் சரியாகிவிட்டது. ஆலையில் தினமும் நிற்கும் ஆளிடம் கேட்காமல் லேப்டாப்பைத் திறக்கக் கூடாது என்பதில் நான் இன்றும் பிடிவாதமாக இருக்கிறேன்.

கனெக்டரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெரும்பாலான கனெக்டர்களில் டெர்மினேஷன் ஸ்விட்சை ஆன் செய்தால், வெளியே போகும் கேபிள் துண்டிக்கப்பட்டுவிடும். நடுவில் ஒன்றில் யாரோ தெரியாமல் ஆன் செய்துவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லா ஸ்டேஷன்களும் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போகும். முனை ஸ்டேஷனில் கேபிளை 'உள்ளே' என்று அம்புக்குறி போட்ட பக்கம் இணைக்காமல் 'வெளியே' பக்கம் இணைத்து ஸ்விட்சை ஆன் செய்தாலும் அந்த ஸ்டேஷன் தனித்துப் போய்விடும். இதையே சோதனைக்கும் பயன்படுத்தலாம். லைன் நின்றிருக்கும்போது நடுவில் ஒரு ஸ்விட்சை ஆன் செய்து, மாஸ்டர் பக்கத்துப் பாதி நிமிர்கிறதா என்று பாருங்கள். நிமிர்ந்தால் கோளாறு மறுபாதியில். இப்படிப் பாதி பாதியாக ஒதுக்கிக்கொண்டே போனால் நீளமான கேபிளிலும் கோளாறு இருக்கும் இடத்தை நெருங்கிவிடலாம்.

மல்டிமீட்டர் ஒன்றே நிறையச் சொல்லும். எல்லாக் கருவிகளிலிருந்தும் கனெக்டர்களைக் கழற்றித் தொங்கவிடுங்கள். இரண்டு முனைகளிலும் டெர்மினேஷன் ஆன், மற்ற எல்லாம் ஆஃப். ஏதாவது ஒரு கனெக்டரில் 3-ஆம் பின்னுக்கும் (பி) 8-ஆம் பின்னுக்கும் (ஏ) நடுவே அளந்தால் 110 ஓம் அளவில் வர வேண்டும். கேபிள் நீளத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடலாம். 220 காட்டினால் ஒரு முனை இல்லை, அல்லது வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். இதையும் தாண்டி ஏ-யும் பி-யும் ஒரு கனெக்டரில் இடம் மாறியிருக்கலாம். 3-க்கு 3, 8-க்கு 8 தொடர்ச்சி பார்த்தால்தான் அது தெரியும். கருவிகள் பவரோடு இருந்து பஸ் பேசாமல் இருக்கும் நேரத்தில், ஏ-யைவிட பி சுமார் 1.1 வோல்ட் மேலே நிற்க வேண்டும்.

கனெக்டருக்குள் கேபிளைச் சீவும் வேலையைக் கத்தியால் செய்யாதீர்கள். ஷீல்டுப் பின்னலில் ஒரு இழை நழுவி ஏ-யைத் தொட்டால், பேனல் அதிரும்போதெல்லாம் தொடர்பு அறும். அதற்கென்றே சீவும் கருவி இருக்கிறது, வாங்கி வையுங்கள்.

ஷீல்டு விஷயத்தில் நம் ஆலைகளில் பரவலாக ஒரு பழக்கம் உண்டு: பின்னலை முறுக்கி, ஒரு துண்டு ஒயர் வைத்து, ஏதோ ஒரு எர்த் போல்ட்டில் கட்டிவிடுவது. டிரைவ்கள் கிளப்பும் அதிவேக இரைச்சலை அந்த வால் ஒயர் தடுக்காது. பேனலுக்குள் கேபிள் நுழையும் இடத்திலேயே பின்னலைச் சுற்றிலும் பிடிக்கும் கிளாம்ப் போட்டு, அதைப் பெயின்ட் சுரண்டிய உலோகத் தகட்டில் பதியுங்கள். இரண்டு முனைகளிலும் எர்த் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் இரண்டு பேனல்களின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் அது பாதுகாப்பு. இல்லாவிட்டால் மின்னோட்டம் ஷீல்டு வழியே பாயும்; பக்கத்தில் வெல்டிங் நடந்தால் ஷீல்டு சூடேறிக் கருகவும் வாய்ப்புண்டு. பேனல்களுக்கு இடையே தனியாகப் பாண்டிங் கண்டக்டர் (இரண்டு எர்த்தையும் ஒரே மட்டத்தில் வைக்கும் ஒயர்) போட்ட பிறகே இதைச் செய்யுங்கள். 400 வோல்ட் பவர் கேபிளிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி ஊதா நிறப் புரொஃபிபஸ் கேபிளை ஓட்டுங்கள். ஒன்றை ஒன்று கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காக, செங்கோணத்தில் கடக்கட்டும்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 12 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 12 மெகாபிட்) ஒரு செக்மென்ட் 100 மீட்டர்தான் போகலாம். 1.5 எம்பிபிஎஸ்ஸில் 200 மீட்டர், 500 கேபிபிஎஸ்ஸில் 400 மீட்டர். ரிப்பீட்டரையும் (சிக்னலைப் புதுப்பித்து அடுத்த செக்மென்டுக்குக் கொடுக்கும் கருவி) சேர்த்து எண்ணி, ஒரு செக்மென்டில் 32 கருவிகளுக்கு மேல் கூடாது. சாதாரண கன்வேயருக்கும் பம்புக்கும் 12 தேவையே இல்லை, 1.5 போதும், இரைச்சலையும் அது நன்றாகத் தாங்கும்.

மாட்யூலைக் கட்டாயம் மாற்றியே ஆக வேண்டும் என்றால், பவரை ஆஃப் செய்துவிட்டு, கையில் ஈஎஸ்டி பட்டை (உடலின் நிலைமின்சாரத்தைத் தரைக்கு விடுவது) கட்டி, பழைய மாட்யூலின் முகவரி ஸ்விட்சுகளைப் பார்த்து அப்படியே புதியதில் வையுங்கள். பவர் இருக்கும்போது முகவரியைத் திருப்பினால் அது ஏற்காது, அடுத்த முறை ஆன் ஆகும்போதுதான் எடுத்துக்கொள்ளும். ஆர்டர் எண் (மாட்யூலின் மாடல் எண்) பொருந்துகிறதா என்றும் பாருங்கள். புரொஃபிநெட் (ஈதர்நெட் வழியே ஓடும் நெட்வொர்க்) மாட்யூலாக இருந்தால் முகவரி ஸ்விட்சுக்குப் பதில் கருவியின் பெயர்தான் அடையாளம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய மாட்யூலில் பழைய ஆலையின் பெயர் உட்கார்ந்திருக்கும். ஃபேக்டரி ரீசெட் செய்து, புரொஜெக்டில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுத்தால்தான் கன்ட்ரோலர் அதை அடையாளம் காணும்.

என்னைக் கவலைப்படுத்தும் ஒரு பழக்கம் மிச்சமிருக்கிறது. எஸ்7-300-இல் ஒரு ஸ்டேஷன் விழுந்தால், ஓபி 86 (ஸ்டேஷன் விழும்போது பிஎல்சி தானாக அழைக்கும் புரொகிராம் பகுதி) இல்லாதபோது சிபியு (பிஎல்சியின் மூளை) ஸ்டாப்புக்குப் போய்விடும். "அடிக்கடி நிக்குது" என்ற புகார் வந்தால், ஓபி 86-ஐக் காலியாக ஏற்றிவிட்டுக் கிளம்புபவர்கள் இருக்கிறார்கள். சிபியு நிற்காது, உண்மைதான். ஆனால் விழுந்த ஸ்டேஷனின் நிலை தெரியாமல் மற்ற பாதி ஆலை ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் தொடர்பு தானாகத் திரும்பியதும், ரன் கட்டளை புரொகிராமில் உயிரோடு இருந்தால் மோட்டார் தானாகவே ஓடத் தொடங்கும். அந்நேரம் ஒருவர் கன்வேயரில் கை வைத்திருக்கலாம். ஓபி 86-ஐ ஏற்றுவதில் தவறில்லை. அதற்குள் அலாரமும், அந்த ஸ்டேஷனைச் சார்ந்த கருவிகளை நிறுத்தும் தர்க்கமும், ரீசெட் அழுத்தாமல் மறுபடி ஓடாத பூட்டும் இருக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் அவுட்புட்டுகள் பூஜ்யத்துக்குப் போக வேண்டுமா, கடைசி மதிப்பிலேயே நிற்க வேண்டுமா என்பதை, கருவி அனுமதிக்கும் இடங்களில், ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனியாகப் புராசஸ் ஆட்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கூலிங் வாட்டர் வால்வும் ஆசிட் டோசிங் வால்வும் ஒரே மாதிரி நின்றுவிடக் கூடாது. கமிஷனிங் முடிந்து கையெழுத்துப் போடும் முன், ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பஸ் கனெக்டரைக் கழற்றி, எது நிற்கிறது, எது ஓடுகிறது என்று புராசஸ் ஆட்களை அருகில் வைத்துக்கொண்டே பார்த்து, அதை எழுதி பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.