கிடைக்கவில்லை என்பதும் இல்லை என்பதும்

2001 மே மாதம், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றி ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. நோயில்லாதவர்களின் மூச்சுக்குழாய் சுருங்கிப்போகாமல் தன்னை எப்படிக் காத்துக்கொள்கிறது என்று பார்ப்பதற்கான ஆய்வு. தன்னார்வலராக வந்திருந்த 24 வயதுப் பெண் ஒருவர் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சில் இழுத்தார். மறுநாள் இருமல். சில நாட்களில் மருத்துவமனைப் படுக்கை. ஜூன் 2 அன்று அவர் இறந்துபோனார்.

ஹெக்ஸாமெத்தோனியம் புது மருந்தில்லை. 1950-களில் ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த பழைய மருந்து. அதை உட்கொண்ட சிலருக்கு நுரையீரல் கெட்டுப்போனதை அந்தக் காலத்து மருத்துவ இதழ்களே எழுதியிருந்தன. ஆய்வுக் குழு தேடாமலும் இல்லை. மருத்துவக் கட்டுரைகளைத் தேட உதவும் இணையத் தளமான பப்மெட்டில் தேடினார்கள், பாடநூலைப் பார்த்தார்கள். ஆனால் பப்மெட் அப்போது 1966 வரைதான் பின்னோக்கிப் போகும். அதற்கு முந்தையவை நூலக அலமாரியில், தடித்த அட்டவணைத் தொகுதிகளில் கிடந்தன. அந்தப் பெண்ணின் மரணத்துக்குப் பிறகு போய்த் தேடியபோது கட்டுரைகள் கிடைத்தன.

ஜூலையில் அமெரிக்க அரசு, தன் பணத்தில் அங்கு மனிதர்கள் மேல் நடந்த ஆய்வுகளைச் சில நாட்கள் நிறுத்தி வைத்தது. ஒப்புதல் படிவத்தில் குறை, மேற்பார்வையில் குறை என்று பல காரணங்கள் பேசப்பட்டன. எல்லாப் பழியையும் ஒரு தேடலின் மேல் போட முடியாது. ஆனால் மருத்துவ நூலகர்கள் இந்தச் சம்பவத்தை இன்றும் மாணவர்களுக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கணினித் திரையில் ‘கிடைக்கவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

மருத்துவ நூலகர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, கல்லூரி நூலகத்தில் தடித்த உடற்கூறியல் புத்தகத்துக்கு முத்திரை குத்தித் தருபவர்தான். அந்த வேலையும் உண்டு. இந்தத் தொழிலின் மூளை வேறு இடத்தில் இருக்கிறது.

1865-இல் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற ராணுவ மருத்துவரிடம் அமெரிக்க ராணுவத் தலைமை மருத்துவ அலுவலகத்தின் சின்ன நூலகம் ஒப்படைக்கப்பட்டது. அது கொஞ்ச நாளில் குடியேறிய கட்டடம் ஃபோர்ட்ஸ் தியேட்டர். ஆமாம், லிங்கன் சுடப்பட்ட அதே நாடக அரங்கு. உலகெங்கும் இருந்து மருத்துவ இதழ்களை வரவழைத்துக் குவித்த பில்லிங்ஸுக்குக் குவித்தால் மட்டும் போதாது என்று புரிந்தது. எந்த நோயைப் பற்றி எந்த இதழில் யார் எழுதியிருக்கிறார் என்று சொல்லும் மாதாந்திரப் பட்டியலை 1879-இல் தொடங்கினார். இண்டெக்ஸ் மெடிகஸ் என்று பெயர். இன்றைய பப்மெட்டின் கொள்ளுத்தாத்தா அதுதான். மக்கள்தொகைக் கணக்கை இயந்திரத்தால் எண்ணலாமே என்ற யோசனையை ஹெர்மன் ஹொல்லரித் காதில் போட்டவரும் இதே பில்லிங்ஸ்தான் என்பார்கள். ஹொல்லரித் செய்த துளை அட்டை இயந்திரத்தின் வழியில் வந்த நிறுவனம்தான் ஐபிஎம். ஒரு நூலகரின் அலுப்பு எங்கெல்லாம் கொண்டுபோய் விட்டிருக்கிறது பாருங்கள்.

பட்டியல் 1964-இல் கணினிக்கு ஏறியது. 1971-இல் தொலைபேசிக் கம்பி வழியே தேடும் மெட்லைன் வந்தது. 1997-இல் பப்மெட் எல்லாருக்கும் இலவசம் ஆனது. இன்று அதில் 3.5 கோடிக்கு மேல் கட்டுரைக் குறிப்புகள் இருக்கின்றன. அப்படியானால் யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்த்துக்கொள்ளலாமே, நூலகர் எதற்கு? நியாயமான கேள்வி. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்ப்போம்.

கர்ப்பிணி ஒருவருக்கு ஸ்க்ரப் டைபஸ். நம் ஊர்களில் மழைக்காலத்தில் தலைகாட்டும் உண்ணிக் காய்ச்சல்தான். வழக்கமாகக் கொடுக்கும் டாக்சிசைக்ளினைக் கர்ப்ப காலத்தில் தவிர்ப்பது நெடுநாள் வழக்கம். பதிலாக அசித்ரோமைசின் கொடுப்பார்கள். அது தாய்க்கும் சிசுவுக்கும் எந்த அளவு உதவியிருக்கிறது என்று மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் நேராக ‘ஸ்க்ரப் டைபஸ், கர்ப்பம், அசித்ரோமைசின்’ என்று தட்டுவார். ஏதோ சில கட்டுரைகள் வரும். போதும் என்று தோன்றும்.

நூலகர் தட்டுவதற்கு முன் ஒரு தாளை எடுப்பார். கேள்வியை நாலாக உடைப்பார்: யாருக்கு, என்ன கொடுத்தால், எதற்குப் பதிலாக, என்ன ஆகிறது? மருத்துவக் கல்லூரிகளில் இதற்கு பிகோ என்று பெயர். அப்புறம் ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை பெயர்கள் புழங்குகின்றன என்று எழுதுவார். இந்த நோய்க்கு ட்சுட்சுகாமுஷி நோய் என்றும் பெயர் உண்டு. கிருமியின் இன்றைய பெயர் ஓரியன்ஷியா ட்சுட்சுகாமுஷி. ஆனால் 1995-க்கு முன்பு அது ரிக்கெட்சியா என்ற பேரினப் பெயரில் இருந்தது. பழைய கட்டுரைகளில் அந்தப் பெயர்தான் இருக்கும். புதுப் பெயரை மட்டும் தட்டினால் 1960-களில் மலேசியாவில் யாராவது பார்த்து எழுதிய கர்ப்பிணிகள் கண்ணில் படவே மாட்டார்கள்.

மருந்துகளிலும் இதே கூத்துதான். நமக்கு பாராசிட்டமால், அமெரிக்கர்களுக்கு அசிட்டமினோஃபென். இங்கே அட்ரினலின், அங்கே எபிநெஃப்ரின். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் வரும் தொல்லையும் உண்டு. ஆங்கிலத்தில் எய்ட்ஸ் என்று தட்டினால் நோயும் வரும், காது கேட்கும் கருவியைப் பற்றிய கட்டுரையும் வரும். அதற்கும் பெயர் ஹியரிங் எய்ட்ஸ்.

இந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கத்தான் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960-இல் மெஷ் என்ற சொற்கோவையை வெளியிட்டது. கட்டுரை எழுதியவர் எந்தப் பெயரைப் பயன்படுத்தியிருந்தாலும் ஒரே தலைப்புச் சொல்லின் கீழ் அதைக் கொண்டுவந்து கட்டிவிடுவார்கள். இன்று அதில் சுமார் 30,000 தலைப்புச் சொற்கள், கிளை கிளையாக. ‘நுரையீரல் நோய்கள்’ என்ற கிளையைப் பிடித்து உலுக்கினால் நிமோனியா முதல் அதன் கீழ் உள்ளதெல்லாம் விழும். மெஷ் மட்டும் போதாது, ஏனென்றால் நேற்று வந்த கட்டுரைக்குத் தலைப்புச் சொல் இன்னும் ஏறியிருக்காது. அதனால் தலைப்புச் சொல், சாதாரணச் சொல் இரண்டையும் சேர்த்தே வீச வேண்டும்.

பெயர்களை எழுதியாயிற்று. ஒரே பொருள் தரும் சொற்களுக்கு நடுவே ‘அல்லது’ போடுவார். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ‘மற்றும்’. இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். கடையில் டீ மற்றும் வடை என்றால் கூடுதலாகக் கிடைக்கும். தேடலில் ‘மற்றும்’ போட்டால் குறைவாகத்தான் கிடைக்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே கட்டுரையில் இருந்தாக வேண்டும். வலையை விரிப்பது ‘அல்லது’, சுருக்குவது ‘மற்றும்’. கடைசியில் எத்தனை வந்தது என்று பார்ப்பார். பத்தாயிரம் வந்தால் வலை பெரிது. நாலு வந்தால் ஏதோ ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது. தாளுக்குத் திரும்புவார்.

கேள்வியைத் துண்டுபோடும் இந்தக் கலையைப் பற்றிப் படித்தபோது எனக்கு நம் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன்தான் நினைவுக்கு வந்தார். கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். பயிற்சிக்காக லண்டன் போயிருந்தபோது ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தார். அதே துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்தால் புதுப் புதுப் பொம்மைகள். அறிவையும் இப்படித் துண்டுகளாக வைத்துக்கொண்டு தேவைக்கேற்பக் கோக்கலாமே என்று தோன்றியது. நூல்களை வகைப்படுத்த அவர் உருவாக்கி 1933-இல் சென்னையில் வெளியான கோலன் பகுப்புமுறை அப்படிப் பிறந்தது. அதில் நுரையீரல் காசநோய்க்கு எண் எல் 45:421. எல் என்றால் மருத்துவம், 45 நுரையீரல், 421 காசநோய். நடுவே ஒரு கோலன். உறுப்பை மாற்றினால் எலும்புக் காசநோய். இன்று மருத்துவ மாணவர்கள் பிகோ என்று படிப்பது இதன் நேரடி வாரிசு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டுக்கும் ஒரே புத்திதான்.

தேடல் இவ்வளவு வேலை என்றால் மருத்துவருக்கு நேரம் எங்கே? 1985-இல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 47 மருத்துவர்களை அவர்களுடைய கிளினிக்கிலேயே கவனித்தார்கள். மூன்று நோயாளிகளைப் பார்ப்பதற்குள் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியாமல் நின்றார்கள். நோயாளி எதிரே இருக்கும்போதே விடை கிடைத்தது ஏறக்குறைய 30 சதவீதத்துக்குத்தான். மற்றவை அப்போது விடையில்லாமல் நின்றன.

நூலகர் கேள்வி வரும் என்று மேசையில் காத்திருந்தால் இந்தக் கேள்விகள் அவரிடம் வரப்போவதில்லை. இதைப் புரிந்துகொண்டவர் கெர்ட்ரூட் லாம். 1971-இல் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சாஸ் சிட்டி மருத்துவப் பள்ளியில் நூலகர்களை வார்டுக்கே அனுப்பினார். காலையில் மருத்துவர்கள் படுக்கை படுக்கையாக ரவுண்ட்ஸ் போகும்போது கூடவே ஒரு நூலகர். யாரும் அவரிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. ‘இந்த மருந்துக்கு இப்படி ஆகுமா?’ என்று ஒரு மருத்துவர் இன்னொருவரிடம் முணுமுணுப்பதைக் குறித்துக்கொண்டு போய், தேடி எடுத்து வருவார். அதற்கும் முன்பே, 1967-இல், வாஷிங்டனில் ஒரு மருத்துவமனை நூலகம் தொடர்புடைய கட்டுரைகளை நோயாளியின் கேஸ் ஷீட்டோடு சேர்த்தே வைக்கத் தொடங்கியிருந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. காய்ச்சல் சார்ட்டுக்குப் பின்னால் ஓர் ஆய்வுக் கட்டுரை.

சரி, இதனால் நோயாளிக்கு ஏதாவது ஆனதா? 1992-இல் வெளியான ரோசெஸ்டர் ஆய்வு இதைக் கேட்டது. நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் பகுதி மருத்துவர்கள் தம் நோயாளி ஒருவரைப் பற்றி மருத்துவமனை நூலகத்திடம் தகவல் கேட்டு வாங்கிவிட்டு, அதனால் என்ன மாறியது என்று எழுத வேண்டும். 208 பேர் பதில் தந்தார்கள். சிகிச்சையில் ஏதோ ஒன்றை நிச்சயமாகவோ அநேகமாகவோ மாற்றினோம் என்றார்கள் 80 சதவீதம் பேர். 45 சதவீதம் பேர் மருந்துத் தேர்வை மாற்றினார்கள். 29 சதவீதம் பேருக்கு நோய் இன்னது என்ற முடிவே மாறியது. தேவையில்லாத அறுவை சிகிச்சையைத் தவிர்க்க உதவியது என்றவர்கள் 21 சதவீதம். இவையெல்லாம் மருத்துவர்கள் தாமே சொன்னவை, யாரும் பக்கத்தில் நின்று அளந்தவை அல்ல. பதில் எழுதாமல் விட்டவர்கள் வேறு மாதிரி சொல்லியிருக்கவும் கூடும். அந்த உப்பைச் சேர்த்துத்தான் இந்த எண்களைச் சாப்பிட வேண்டும். இருந்தாலும் 2013-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் 16,000-க்கும் மேற்பட்டவர்கள் பதில் சொன்னபோதும் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் இதையே சொன்னார்கள்.

நூலகரின் வேலை வேறு பக்கமும் வளர்ந்தது. 1990-களில் சான்று சார்ந்த மருத்துவம் வேரூன்றியபோது, ஒரு சிகிச்சையைப் பற்றி உலகில் நடந்த ஆய்வுகள் அத்தனையையும் திரட்டி எடைபோடும் முறையான மறுஆய்வுகள் பெருகின. 1993-இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பு இதற்கென்றே இருக்கிறது. அதன் தெற்காசியக் கிளை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்தான் அமைந்தது. திரட்டும்போது பாதி ஆய்வுகள் விட்டுப்போனால் முடிவும் பாதிதான். அதனால் தேடலை வடிவமைக்கும் நூலகர் பல கட்டுரைகளில் இன்று இணை ஆசிரியர். 2015-இல் வந்த ஓர் ஆய்வு, நூலகர் இணை ஆசிரியராக இருந்த மறுஆய்வுகளில் தேடலின் தரம் மேலாக இருந்ததைக் கண்டது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தையல்காரர் தைத்தால் சட்டை நன்றாக இருக்கும்.

2025 தொடக்கத்தில் இந்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் நடைமுறைக்கு வந்தது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்தன. நல்ல காரியம். ஆனால் கதவு திறந்திருப்பது ஒன்று, உள்ளே போய் வேண்டியதை எடுத்து வருவது இன்னொன்று. சந்தாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு துண்டாவது தேடத் தெரிந்தவர்களை வேலைக்கு வைக்கப் போக வேண்டும் என்பது என் ஆசை.

மெஷ் தலைப்புகளை ஏற்றும் வேலையை 2022 முதல் கணினி நிரலே செய்கிறது, சிலவற்றை மனிதர்கள் சரிபார்க்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு உரையாடி வந்த பிறகு நூலகர்களுக்கு ஒரு விசித்திரமான வேலையும் சேர்ந்திருக்கிறது. ‘இந்தக் கட்டுரையை எடுத்துத் தாருங்கள்’ என்று கோரிக்கை வரும். ஆசிரியர் பெயர் உண்மை, இதழ் உண்மை, ஆண்டு, பக்க எண் எல்லாம் இருக்கும். நூலகர் அந்த இதழைத் திறந்தால் அந்தப் பக்கத்தில் வேறு ஏதோ கட்டுரை. கேட்ட கட்டுரையை யாரும் எழுதவே இல்லை, மென்பொருள் கற்பனை செய்தது. ஹாப்கின்ஸில், உண்மையில் இருந்த கட்டுரை கிடைக்கவில்லை. இங்கே கிடைத்ததாகச் சொல்லப்பட்ட கட்டுரை இல்லை.

கர்ப்பிணியை விட்டுவிட்டு எங்கோ வந்துவிட்டேன். நல்ல நூலகர் அந்த மருத்துவரிடம் கட்டுரைக் கட்டை மட்டும் நீட்ட மாட்டார். மேலே ஒரு தாளைச் செருகியிருப்பார். எந்தெந்தத் தரவுத்தளத்தில், எந்தச் சொற்களைக் கொண்டு, எந்தத் தேதியில் தேடினார் என்று அதில் இருக்கும். அதற்குக் கீழே எங்கெல்லாம் தேடவில்லை என்றும் எழுதியிருப்பார்: ஜப்பானிய மொழி இதழ்கள், 1946-க்கு முந்தைய அச்சுத் தொகுதிகள்.