பைபாஸ் – புறவழிச்சாலை

பெங்களூரிலிருந்து சேலம் போகும் ராத்திரி பஸ்ஸில் ஏறினால், "தருமபுரி ஊருக்குள்ள போகாது, பைபாஸ்தான்" என்று கண்டக்டர் முதலிலேயே சொல்லிவிடுவார். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கும் இது பழகிய கதை. பஸ் ஸ்டாண்டைப் போலவே பைபாஸும் இங்கே ஒரு முகவரி.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் சாலைக்காகப் பிறந்ததே அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், எரிவாயுக் குழாயில் அடைப்பானை (வால்வை) தொடாமல் பக்கவாட்டில் போகும் சிறு குழாய்க்கு 'பைபாஸ்' என்று பெயர். 'பை' என்றால் பக்கமாக, 'பாஸ்' என்றால் கடந்துபோதல். மோட்டார் வண்டிகள் பெருகிக் கடைவீதிகள் திணறிய 1920-களில் அது சாலைக்கு வந்தது. இதய அறுவை சிகிச்சைக்குப் போனது அதற்கும் பிறகு.

தமிழில் இதற்குப் புறவழிச்சாலை என்ற சொல் நிலைத்துவிட்டது. நெடுஞ்சாலைப் பலகைகளிலும் நாளிதழ்களிலும் பார்க்கலாம். புறம் என்றால் வெளிப்பக்கம். புறநகரில் இருப்பதும் அதே புறம்தான். நடுவில் வரும் 'வழி' நம் பக்கத்துக்கு மிகப் பழைய உறவு. தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டு மைல்கற்கள் 'அதியமான் பெருவழி' என்று சாலைக்குப் பெயர் சொல்லி, நாவல்தாவளம் என்ற இடத்துக்கு எத்தனை காதம் (பழைய தூர அளவு) என்றும் குறிக்கின்றன. தாவளம் என்பது வணிகர் தங்குமிடம். வழி எங்கே போகிறதோ அங்கே ஆள் தங்குவார்கள், கடை முளைக்கும், அது ஊராகும் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

புறவழிக்கும் அதே விதிதான். ஊரைத் தவிர்க்கப் போட்ட சாலையைத் தேடி ஊரே வந்துவிடும். முதலில் பெட்ரோல் பங்க், தாபா. அப்புறம் கல்யாண மண்டபம், கல்லூரி. அதற்குள் மாந்தோப்பிலும் ராகிக் கொல்லையிலும் மனைக்கல் நட்டு, 'பைபாஸ் மிக அருகில்' என்று விளம்பரம் வந்திருக்கும். வீடுகள் வந்ததும் சந்திப்பு வேண்டும், சிக்னல் வேண்டும், வேகத்தடை வேண்டும். கடைசியில் பைபாஸுக்கு ஒரு பைபாஸ் கேட்டு மனு! பிரிட்டன் இந்தக் கூத்தை நமக்கு முன்பே பார்த்தது. சாலையோரமாகக் கட்டடங்கள் நீண்டுகொண்டே போவதைத் தடுக்க 1935-இல் தனிச் சட்டமே போட்டார்கள்.

அதனால் புறவழிச்சாலை என்ற சொல்லைத் தனியாகப் படிக்கக்கூடாது என்பேன். கூடவே இரண்டு சொற்கள் வேண்டும். ஒன்று நிலப்பயன்பாடு, அதாவது எந்த நிலம் வேளாண்மைக்கு, எது குடியிருப்புக்கு, எது தொழிலுக்கு என்று வகுப்பது. நம் மாநிலத்தில் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வரும் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) செய்யவேண்டிய வேலை இது. மற்றொன்று அணுகுசாலை, நாம் சர்வீஸ் ரோடு என்பது. ஓரத்து மனைகளின் வாசலெல்லாம் நேரே நெடுஞ்சாலையில் திறந்தால் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் கடைவீதியாகிவிடும். வாசல்கள் அணுகுசாலையில் திறந்து, அது சில இடங்களில் மட்டும் பெரிய சாலையைத் தொட்டால்தான் புறவழி புறவழியாக இருக்கும். பஸ்ஸிலிருந்து இறங்குபவர் ஊருக்குள் போக டவுன் பஸ்ஸும் வேண்டும். இதை மட்டும் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நள்ளிரவில் ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை.

குழப்பம் வரும் இடங்கள் சில. ரிங் ரோடு என்பது வட்டச்சாலை அல்லது சுற்றுச்சாலை. ஊரை ஒரு பக்கமாக ஒதுங்கிப் போகாமல் வளைத்து வருவது. பெங்களூரைச் சுற்றி அமையும் துணைநகர வட்டச்சாலை ஓசூர்ப் பக்கம் வருகிறதே, அது இந்த வகை. வேலை நடக்கும்போது தற்காலிகமாகத் திருப்பிவிடும் டைவர்ஷன், மாற்றுப்பாதை. இதய அறுவைக்குப் 'புறவழி' பொருந்தாது, மாற்றுவழி என்பதே தெளிவு. ஊர்களுக்குள் நுழையாமல் பைபாஸிலேயே ஓடும் 'பைபாஸ் ரைடர்' பஸ்ஸுக்கு மட்டும் பொருத்தமான தமிழ்ப்பெயரை நான் பார்த்ததில்லை. 'இடைநில்லாப் பேருந்து' என்று பார்த்திருக்கிறேன்; அது நிற்காததைச் சொல்கிறது, ஊருக்குள் வராததைச் சொல்லவில்லை.