வெனிட்டோ-சாரசெனிக்: சொல் விளக்கம்

15, 16ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலியச் செல்வர்கள் விரும்பி வாங்கிய இஸ்லாமியப் பித்தளைக் கலங்களுக்குக் கலை வரலாற்றில் வழங்கும் பெயர் இது. தட்டு, மூடியுள்ள செப்பு, மெழுகுதிரித் தாங்கி, உருண்டைத் தூபக்கலம் எனப் பல வகை உண்டு. பித்தளையில் நுண்ணிய கொடிப்பின்னலைச் செதுக்கி, அதில் வெள்ளியை இழைத்து, இடைவெளிகளில் கரிய பூச்சை நிரப்புவார்கள். தூபக்கலத்தின் உள்ளே இருக்கும் கிண்ணம் வளையங்களில் தொங்குவதால், உருண்டை எப்பக்கம் புரண்டாலும் கனல் சிந்தாது. அதன் அழகுக்குச் சற்றும் குறையாதது இந்த நுட்பம்.

'வெனிட்டோ' வெனிஸைக் குறிக்கிறது. 'சாரசெனிக்' கிரேக்க 'சரக்கெனோஸ்' வழி வந்தது. முதலில் வட அரேபியப் பகுதி மக்கள் சிலரைச் சுட்டிய பெயர். இடைக்கால ஐரோப்பியர் அதை முஸ்லிம்கள் அனைவருக்கும் பொதுவாக்கினர். அம்மக்கள் தம்மை அப்படி அழைத்துக்கொண்டதில்லை. சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தை 'இந்தோ-சாரசெனிக்' என்கிறோமே, அங்கும் இதே சொல்தான்.

வெனிஸிலேயே குடியேறிய முஸ்லிம் கம்மியர்கள் இவற்றைச் செய்தனர் என்று 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் நம்பியதால்தான் இரு பெயர்களும் இணைந்தன. அதற்குச் சான்று இல்லை. வெனிஸின் கைவினைச் சங்கங்கள் வெளியாரை எளிதில் சேர்த்துக்கொள்பவையும் அல்ல. மம்லுக் ஆட்சியின் எகிப்து, சிரியா, அல்லது மேற்கு ஈரான் என்றே இன்று பிறப்பிடத்தைத் தேடுகிறார்கள். கைவினைஞர்களுள் புகழ்பெற்றவர் மஹ்மூத் அல்-குர்தி. குர்து இனத்தவர் என்று பெயரே சொல்கிறது. தம் பெயரை அரபியோடு லத்தீன் எழுத்திலும் அவர் பொறித்ததுண்டு. கலம் யார் கைக்குப் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சில கலங்களில் ஐரோப்பியப் பாணிக் கேடயம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். வாங்கும் குடும்பம் தன் சின்னத்தைப் பொறித்துக்கொள்ளலாம்.

வெனிஸ் கைவினைஞர்களும் பின்னர் இப்பாணியைப் பின்பற்றினர். அவ்வேலைக்கு வழங்கிய 'அட்ஸிமினா' என்ற இத்தாலியச் சொல், பாரசீகரைக் குறிக்கும் அரபுச் சொல்லான 'அஜம்' என்பதிலிருந்து வந்தது.

தமிழில் 'வெனிசிய-சாரசேனியம்' என்று எழுதினால் பழைய பிழையையும் சேர்த்தே சுமக்கிறோம். 'வெள்ளி இழைத்த பித்தளைக் கலை' என்பதே என் பரிந்துரை. 'மணி இழைத்த' என்னும் வழக்கு நம்மிடம் ஏற்கெனவே உண்டு. 'வெள்ளி முலாம்' என்று எழுதக் கூடாது. முலாம் மேற்பூச்சு, இதுவோ செதுக்கிய பள்ளத்தில் வெள்ளியை அமர்த்துவது. பிறப்பிடம் உறுதியான கலத்துக்கு 'மம்லுக்' போன்ற அடையை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.