ஹோஸ்டிங் என்றால் விருந்தோம்பலா?

"உங்கள் வேர்ட்பிரஸ் தளத்துக்குச் சிறந்த வலை விருந்தோம்பல்." இப்படி ஒரு விளம்பரத்தைப் புதுச்சேரியில் தங்கும் விடுதி நடத்தும் நண்பர் எனக்கு அனுப்பி, "நம்ம விடுதிக்கு வர்ற கெஸ்ட்டை இவங்க பார்த்துப்பாங்களா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். அவர் தொழிலே விருந்தோம்பல்தான், வேறெப்படிப் புரிந்துகொள்வார்? வெப் ஹோஸ்டிங், அதாவது நம் இணையதளத்தைத் தன் கணினியில் வைத்துக் காட்டும் சேவை, அதற்குத்தான் இப்படித் தமிழ் போட்டிருக்கிறார்கள். இந்தச் சொல்லை நானும் பல இடங்களில் பார்த்து, சகித்து, கடந்து போயிருக்கிறேன். இனி முடியாது.

வேர்க்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹோஸ்ட் என்ற ஆங்கிலச் சொல் லத்தீன் 'ஹாஸ்பெஸ்' வழி வந்தது. லத்தீனில் அது விருந்தினரையும் குறித்தது, விருந்தளிப்பவரையும் குறித்தது. ஹாஸ்பிட்டல், ஹோட்டல் எல்லாம் அதே குடும்பம். கணினித் துறைக்குள் வந்தபோது சோறும் உபசாரமும் கழன்றுவிட்டன. 1969 ஏப்ரலில் கணினி ஆய்வாளர் ஸ்டீவ் கிராக்கர் எழுதிய ஆர்எஃப்சி 1 என்ற கணினிப் பிணையக் குறிப்பின் தலைப்பே 'ஹோஸ்ட் சாஃப்ட்வேர்'. அங்கே ஹோஸ்ட் என்பது பிணையத்தில் இணைந்த ஒரு கணினி, அவ்வளவுதான். பிறகு தளங்கள் பெருகியபோது, நம் கோப்புகளைத் தன் கணினியில் வைத்து, கேட்பவர்க்கெல்லாம் எந்நேரமும் காட்டுவது ஹோஸ்டிங் ஆயிற்று. வருடக் கட்டணம் வாங்கிக்கொண்டு.

இதில் விருந்து எங்கே? பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை. பிறகு புதிதாக வந்தவர், அப்புறம் அவருக்குப் போடும் சாப்பாடு. திருக்குறளில் 9ஆம் அதிகாரம் முழுக்க விருந்தோம்பல்தான். அதில் எந்த இடத்திலும் விருந்தாளியிடம் பில் நீட்டுவதில்லை. "மூலத்திலேயே அந்த வேர் இருக்கிறதே" என்பது மொழிபெயர்ப்பாளர்களின் வாதம். வேரைப் பார்த்துப் பெயர்ப்பதானால் ஹாஸ்பிட்டலையும் விருந்தகம் என்று சொல்லியிருக்க வேண்டும். உலகக் கோப்பையை ஒரு நாடு ஹோஸ்ட் செய்தால் 'போட்டியை நடத்தும் நாடு' என்று நம் விளையாட்டு நிருபர்கள் எழுதுகிறார்கள். தொலைக்காட்சி ஹோஸ்ட்டைத் தொகுப்பாளர் என்கிறோம். யாரும் குழம்பவில்லை. உயிரியல் பாடத்தில் மட்டும் ஒட்டுண்ணி குடியிருக்கும் உயிரை விருந்தோம்பி என்று எழுதிவைத்தார்கள். பேனுக்கு நம் தலை விருந்து வைக்கிறதாம்! அந்தப் பழக்கம்தான் இங்கேயும் தொற்றியிருக்கிறது என்று எனக்குச் சந்தேகம்.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு கிளைச்சொற்களுக்குப் போனால் இன்னும் கூத்து. ஒரே கணினியைப் பல தளங்கள் பங்குபோடும் ஷேர்டு ஹோஸ்டிங் 'பகிரப்பட்ட விருந்தோம்பல்' ஆகிறது. சமபந்தி போஜனம் என்றே சொல்லிவிடலாமே.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தமிழாசிரியர், நான் மதிப்பவர், இதற்கு ஒரு திருத்தம் சொன்னார். விருந்தை எடுத்துவிட்டு ஓம்பலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், 'வலையோம்பல்' என்றார். ஓம்புதல் என்றால் பேணுதல், காத்தல். ஒழுக்கம் உயிரினும் ஓம்பப்படும் என்று வள்ளுவர் சொல்லும் இடத்தில் விருந்தாளி யாரும் இல்லை. அழகான சொல், சுத்தத் தமிழ். இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. என் தகராறு பொருளோடுதான்.

ஓம்புதல் என்றால் பொறுப்பு ஏற்றல். மலிவான ஹோஸ்டிங் திட்டங்களின் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். பேக்கப் (கோப்புகளின் மாற்று நகல்) எடுத்து வைப்பது உங்கள் கடமை என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். தளத்தோடு ஒட்டவைத்த, புதுப்பிக்காத பிளகின் என்ற துணை மென்பொருள் வழியாக எவனோ உள்ளே புகுந்து பக்கத்தைக் குலைத்தால், நிறுவனம் முதலில் செய்வது உங்கள் கணக்கை முடக்குவது. சுத்தம் செய்வது உங்கள் பாடு. இதற்குப் போய் ஓம்பல் என்று பெயர் வைத்தால், வாங்குகிறவர் எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நிம்மதியாகத் தூங்குவார். பராமரிப்பையும் சேர்த்து விற்கும் மேனேஜ்டு ஹோஸ்டிங் தனியாக இருக்கிறது, விலையும் அதிகம். எல்லாமே ஓம்பல் என்றால் அதற்கு என்ன சொல்வது? ஓம்பலோம்பலா?

புரவலர் என்றும் சிலர் எழுதுகிறார்கள். பாடிய புலவனுக்கு யானையும் பொன்னும் கொடுத்தவன் புரவலன். முதல் வருடம் சல்லிசாகக் கொடுத்துவிட்டு, புதுப்பிக்கும்போது பல மடங்கு கேட்பவரை அந்த வரிசையில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. வழங்கி என்பது சர்வருக்கான சொல். அது இயந்திரம், இது சேவை. வலையேற்றம் என்பது கோப்பை மேலே ஏற்றும் வேலை. ஏற்றியது அங்கே மாதக்கணக்கில் கிடப்பதை அது சொல்லாது.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர் யாரையாவது கேளுங்கள். ஹோஸ்டிங்கை அவர்கள் 'எபெர்ஜ்மான்' என்பார்கள். தங்க இடம் கொடுத்தல் என்று பொருள். சத்திரத்தைக் குறிக்கும் 'ஓபெர்ஜ்' அதற்கு உறவுச்சொல். ஆங்கிலத்தின் விருந்தை அவர்கள் கட்டிக்கொண்டு அழவில்லை, நடப்பதைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நாம் வலைச்சத்திரம் என்று வைக்க முடியாது, நம் ஊர்ச் சத்திரங்கள் தர்மத்துக்கு நடந்தவை. ஆனால் வழி அதுதான்: இடம்.

எனவே நான் சொல்வது வலையிடம். "ஹோஸ்டிங் எடுத்தாச்சா?" என்பதை "வலையிடம் எடுத்தாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள், நாக்கு தடுக்காது. 'அவனிடம்' போல 'வலையை நோக்கி' என்று படித்துவிட மாட்டார்களா என்று தமிழாசிரியர் கேட்டார். அந்த உருபு ஆட்களுக்குத்தான் இயல்பாக வரும். மேசையிடம், வலையிடம் என்று யாரும் பேசுவதில்லை. இது பிடிக்கவில்லை என்றால் ஹோஸ்டிங் என்றே எழுதுங்கள், எனக்குக் கோபம் இல்லை. தப்பான தமிழைவிடப் புரிகிற கடன்சொல் மேல்.

இடம் என்று சொன்னால் வாங்குபவருக்குச் சரியான கேள்விகள் வருகின்றன. எவ்வளவு இடம்? பக்கத்தில் யார் யார்? வாடகை அடுத்த வருடம் எவ்வளவு? வேர்ட்பிரஸ், ஜூம்லா, துருபல் போன்ற உள்ளடக்க மேலாண்மை அமைப்புகளுக்கு (தளத்தின் பக்கங்களை எழுதி நிர்வகிக்கும் மென்பொருள்கள்) இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: அவை எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பி அங்கே எந்தப் பதிப்பு? 7.4க்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. இன்னும் அதிலேயே ஓட்டுகிறவரிடம் போகாதீர்கள். தளத்தின் தகவல்களைச் சேமிக்கும் தரவுத்தளம் மைஎஸ்கியூஎல்லோ மரியாடிபியோ, அதுவும் பழசாக இருக்கக் கூடாது. 99.9 சதவீதம் இயங்கும் என்று உறுதி கொடுத்தாலும், வருடத்தில் கிட்டத்தட்ட எட்டே முக்கால் மணி நேரம் தளம் படுத்திருக்கலாம் என்று அதற்கு அர்த்தம்.

விளம்பரத்தில் அடுத்த வரி 'வரம்பற்ற அலைவரிசை'. அலைவரிசை வானொலிக்காரர்கள் சொல். இங்கே பேண்ட்விட்த் என்று அவர்கள் விற்பது மாதத்துக்கு எவ்வளவு தரவு போய்வரலாம் என்ற அளவு. தரவுப் போக்குவரத்து என்றால் போதும். அதுவும் வரம்பற்றது இல்லை. மிதமிஞ்சிப் பயன்படுத்தக் கூடாது என்று எங்காவது பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை பெரும்பாலும் இருக்கும்.

அதற்கும் கீழே விபிஎஸ்ஸுக்கு (ஒரே கணினியில் உங்களுக்கென்று தனியாகப் பிரித்துத் தரும் பங்கு) 'மெய்நிகர் தனியார் சேவையகம்' என்று போட்டிருந்தது. தனியார் பேருந்து, தனியார் பள்ளி மாதிரி. நண்பர் அதையும் விடவில்லை: "அப்ப கவர்மென்ட் சேவையகம் எங்க கிடைக்கும், அது சல்லிசா இருக்குமே?"